நூலாசானும் கைவித்தையும்

கைப்பழக்கத்தால் வரும் வித்தையை ஏட்டுப் படிப்பால் அடைதல் கூடுமோ என்னும் வினா நம் நாட்டில் நெடுங்காலமாகக் கேட்கப்பட்டு வருவது. ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு ஆகாது என்று நம் பாட்டிமார் அதற்கு விடையும் கூறிவிட்டனர். நீச்சலும், நெசவும், சிலம்பமும், வீணையும் ஆசானின் எதிரே நின்று, அவன் கையைக் கண்டு தன் கையைத் திருத்திப் பெறுவனவேயன்றி, எழுத்தைக் கண்டு பெறுவன அல்ல என்பது பெரியோர் துணிபு. நாம் அத்துணிபை அடியோடு மறுக்கப் புகுந்தோமில்லை. ஆயினும், அதற்கு ஓர் எல்லையுண்டு என்பதும், அவ்வெல்லையை உணராமையால் நம் பக்கத்து வித்தைகள் பல நம் கண்ணெதிரே தேய்ந்து வருகின்றன என்பதும் நம் கருத்து. இதனை விளக்குதற்கு நாம் எடுத்துக்கொள்ளும் நூல், கல்லூரிப் பத்திரிகையின் தமிழ்ப் பகுதியில் எவரும் எதிர்பாராதது. அஃது ஒரு கைத்துப்பாக்கி நூல்.

எட் மெக்கிவர்ன் என்பார் அமெரிக்க ஐக்கிய நாடுகளில், நெப்ராஸ்கா மாகாணத்து ஓமஹா நகரில் 1874-ஆம் ஆண்டிற் பிறந்தவர். மான்டானா மாகாணத்து லூயிஸ்டவுன் என்னும் சிற்றூரில் வாழ்ந்து 1957-ஆம் ஆண்டில் மறைந்தவர். வயிற்றுப்பாட்டுக்காக அவர் செய்த தொழில் கடைகளுக்குப் பெயர்ப்பலகை எழுதுதல். போர்க்களத்திற் பெயரெடுத்த வீரருமல்லர். வேங்கைகளைக் கொன்றேன் என்று கதை சொல்லும் வேட்டைக்காரருமல்லர். உருவத்தாற் குறுகிப் பருத்தவர். தூரிகை பிடித்துப் பழகிய அக்கை, சுழல் துப்பாக்கி என்று நாம் கூறும் ரிவால்வரையும் பிடித்துப் பழகிற்று. பொதுமக்கள் திரளும் இடங்களில் விந்தைச் சுடுதல் காட்டிப் புகழ்பெற்ற பின்னர், தாம் கண்டவற்றையெல்லாம் திரட்டி 1938-ஆம் ஆண்டில் 'ஃபாஸ்ட் அண்ட் ஃபேன்ஸி ரிவால்வர் ஷூட்டிங்' என்னும் பெரிய நூலொன்றை வெளியிட்டார். விரைந்தும் விந்தைபடவும் ரிவால்வர் சுடுதல் என்பது அப்பெயரின் பொருள். போலீஸாரைப் பயிற்றும் முறையும் அதன்கண் விரிவாக உண்டு. எண்பது ஆண்டுகட்கு மேலாகியும் அத்துறையினர் அதனை இன்னும் முதல்நூலாகவே போற்றுகின்றனர்.

அவர் செய்த செயல்களுள் ஒன்றை மட்டும் இங்கே குறிப்போம். 1932-ஆம் ஆண்டில் தெற்கு டகோட்டா மாகாணத்து லீட் நகரச் சுடுகளத்தில், 15 அடி தொலைவிலிருந்து 5 குண்டுகளை 0.45 நொடியிற் செலுத்தினார். அவ்வைந்து துளைகளையும் ஒரு வெள்ளி அரை டாலர் நாணயத்தால் மூடிவிடலாம். அந்நாணயத்தின் அகலம் ஏறக்குறைய 3 சென்டிமீட்டர். ஒலிம்பிக் பந்தயத்தில் விரைவுப் பிஸ்டல் சுடுவோருக்கு, 25 மீட்டர் தொலைவில் நிற்கும் 5 குறிகளைச் சுட, மிகக் கடினமான சுற்றிற்கூட 4 நொடி தரப்படுகின்றது. அப்பந்தயத்தில் 2012-ஆம் ஆண்டு இலண்டனில் நம் நாட்டு இராணுவத்தைச் சேர்ந்த விஜயகுமார் வெள்ளிப் பதக்கம் பெற்றார். தூரமும் கருவியும் விதிகளும் வேறாதலின் இவ்விரண்டையும் தராசின் இரு தட்டில் வைத்தல் முறையன்று, 0.45 நொடி என்பது எத்துணைச் சிறியது என்று உணர்தற்கே இதனை எடுத்துரைத்தோம்.

நொடி என்னும் சொல்லே நமக்கு விரல் நொடித்தலினின்று வந்தது. மாத்திரைக்கு அளவு கூறப் புகுந்த தொல்காப்பியர் கண்ணிமைத்தலையும் கைந்நொடித்தலையுமே கருவியாகக் கொண்டார். எழுத்தொலியை அளக்க அவை போதுமாயின. ஆனால், அரைநொடிக்கும் குறைந்த காலத்துள் ஐந்துமுறை விசையை இழுக்கும் விரலை அளக்க அவை போதா. ஆதலின் மெக்கிவர்ன் மின்சாரத்தால் இயங்கும் காலமானிகளை அமைத்துக்கொண்டார். நம் கருத்தைக் கவர்ந்தது அவர் சுட்ட வேகமன்று. சுட்டதை அளக்க அவர் பட்ட பாடே. தம் வேகத்தைத் தாமே புகழ்ந்து கூறும் வித்தைக்காரர் எந்நாட்டிலும் உளர். தம் வேகத்தைத் தாமே நம்பாது கருவியின் வாயிலாகக் கேட்டறிந்தவர் சிலரே.

இனி, அந்நூல் எவ்வாறு கற்பிக்கின்றது என்று பார்ப்போம். இருதொழில் ரிவால்வரில் விசையை ஒருமுறை இழுத்தால், தோட்டாக்கள் அடங்கிய உருளை ஓர் அறையளவு திரும்பும். சுத்தி பின்னே எழும். இழுப்பு முடியுந் தறுவாயிற் சுத்தி விடுபட்டுத் தோட்டாவின் அடியில் அடிக்கும். இத்தனையும் ஒரு விரலின் ஒரே இழுப்பில் நிகழ வேண்டுதலின் அவ்விழுப்புக் கனமானது. கனமான இழுப்பை வெடுக்கென்று இழுப்பவன் குழலையும் கூடவே இழுத்துவிடுவான், குறி தப்பும். தொடக்கம் முதல் இறுதிவரை ஒரே சீராக இழுத்தலும், இழுத்தபின் விசையை முற்றும் முன்னே செல்லவிடுதலும் ஆகிய இரண்டையும் விரல் பழக வேண்டும். பாதியில் மீண்டும் இழுத்தால் உருளை ஒழுங்காகத் திரும்பாது. விரைவு என்பது அவசரமன்று, தடையின்மையே என்பது இதனாற் பெறப்படும். மெதுவாகவும் பிழையின்றியும் பல்லாயிரம் முறை செய்தவனிடத்து விரைவு தானே வந்து சேர்கின்றது. சங்கீதம் பயில்வோர் சரளி வரிசையை முதற்காலத்திற் பாடி முடித்தன்றோ இரண்டாங் காலத்திற்கும் மூன்றாங் காலத்திற்கும் செல்கின்றனர்? பெயர்ப்பலகை எழுதிய அமெரிக்கரும் நம் பாகவதர்களும் ஒருவரையொருவர் அறியாமலே ஒரே வழியைக் கண்டிருக்கின்றனர்.

வானில் எறியப்பட்ட தகரக்குவளையைச் சுடும் விந்தையையும் அவ்வாறே பிரித்துக் காட்டலாம். காண்போர் அதனை மாயமென்று கருதுவர். மேலே எறியப்பட்ட பொருள் ஏறுங்கால் வேகங் குறைந்து, உச்சியில் ஒரு கணம் நின்று, பின்னரே இறங்குகின்றது என்பது நம் பௌதிக வகுப்பு மாணவர் அனைவரும் அறிந்தது. 6 மீட்டர் உயரம் ஏறும் குவளை, உச்சியிலிருந்து 30 சென்டிமீட்டர் எல்லைக்குள் ஏறக்குறைய அரைநொடி தங்கும். வேண்டுவோர் கணக்கிட்டுப் பார்க்கலாம். பறக்கும் பொருளைத் துரத்தாது, அது நிற்கும் இடத்தில் அதற்காகக் காத்திருப்பவனே அதனை அடிப்பான். முதலிற் பெரிய தகரம், குறைந்த தூரம். கை தேறிய பின்னர்ச் சிறிய பொருள். சாதாரண மனிதன் ஒவ்வொருவனும் பொறுமையுடன் முயன்றால் இதில் பெரும்பகுதியை அடையலாம் என்பதே அந்நூலின் உட்கிடை. தமக்கு மட்டும் வாய்த்த தெய்வ வரம் என்று அவர் யாதொன்றையும் திரையிட்டு மறைக்கவில்லை.

இங்கே ஒரு தடை எழும். நூல் மாணவனைக் காணமாட்டாது. அவன் மணிக்கட்டு வளைந்ததையும், மூச்சு நின்றதையும், கண் இமைத்ததையும் சொல்லமாட்டாது. பிழை பழக்கமாகி வேரூன்றிவிடும். ஆசானோ முதல் நாளே பிரம்பாலோ சொல்லாலோ திருத்திவிடுவான். உண்மையே. ஆயினும், துப்பாக்கிப் பயிற்சியில் ஒரு தனிச் சிறப்புண்டு. சுட்ட குண்டு காகிதத்தில் துளையை விட்டுச் செல்கின்றது. துளை இடப்புறம் விழுந்தால் விரலின் பிழை இன்னதென்றும், கீழே விழுந்தால் கையின் பிழை இன்னதென்றும் நூல் கூற, மாணவன் காகிதத்தைப் பார்த்துத் தன்னைத் தானே திருத்திக்கொள்ளுகின்றான். அக்காகிதம் முகத்துதி செய்யாது. செல்வன் மகனென்று தாட்சணியமும் காட்டாது. நூலுக்குக் கண்ணில்லை; துளைபட்ட காகிதமும் காலமானியுமே அதற்குக் கண்களாயின. எனவே, செய்கையின் பயன் அளக்கத்தக்க அடையாளமாகப் பின்னே எஞ்சி நிற்கும் வித்தைகளை நூலால் வெகுதூரம் கற்கலாம் என்றும், அவ்வாறு எஞ்சாத வித்தைகளில் நூலாசான் வாசலோடு நின்றுவிடுவான் என்றும் நாம் எல்லை கட்டுகின்றோம். இக்காலத்து வாலிபர் எதையும் கைப்பேசியின் அசையும் படத்திற் கண்டு கற்றுவிடலாம் என்கின்றனர். படம் விரல் அசைவதைக் காட்டும். அவ்விரல் உள்ளே எதனை உணர்ந்தது என்பதைக் காட்டாது. அதனைச் சொல்லத்தக்கது சொல்லே.

நம் மாணவருள் எவரேனும் இதனைப் படித்துவிட்டு ரிவால்வர் தேடிப் புறப்படுவரோ என்று அஞ்சும் ஆசிரியர்களுக்கு ஒரு வார்த்தை. 1878-ஆம் ஆண்டுப் படைக்கலச் சட்டம் இந்தியரைக் கட்டி, ஐரோப்பியரை அவிழ்த்துவிட்டிருந்தது. அவ்வேற்றுமை ஒழிந்தபின் ஏற்பட்ட 1959-ஆம் ஆண்டுச் சட்டம் யாவரையும் ஒரே கயிற்றாற் கட்டியுள்ளது. உரிமச்சீட்டின்றிக் கைத்துப்பாக்கி வைத்திருத்தல் குற்றம். அது நன்றென்றே நாமும் கருதுகின்றோம். சுடுதலில் விருப்பமுள்ளவர்க்கு நேரிய வழியும் அடைபடவில்லை. 1948-ஆம் ஆண்டில் ஏற்பட்ட தேசிய மாணவர் படையிற் சேர்ந்தவர்கள், அதிகாரிகளின் மேற்பார்வையில் 22 எண் ரைபிளைப் பிடித்துத் தரையிற் படுத்துக் குறிபார்க்கின்றனர். துப்பாக்கி எப்பொழுதும் நிரம்பியிருப்பதாகவே எண்ணுக என்பது அங்கே முதற்பாடம். இப்பாடத்தை நூல் ஆயிரம் முறை அச்சிடலாம். அருகில் நிற்கும் அதிகாரியின் ஓர் அதட்டலுக்கு அஃது ஈடாகாது. உச்சியை அடைந்தவர்களும் ஆசானின் துணையோடே அடைந்திருக்கின்றனர். சென்னையிற் பிறந்து 2012-ஆம் ஆண்டு இலண்டனில் வெண்கலம் பெற்ற ககன் நாரங், தாம் கற்றதைப் பிறர்க்குக் கற்பிக்கப் பயிற்சிக்கூடம் அமைத்தார். கடலூரிற் பிறந்து ஒலிம்பிக் பந்தயம்வரை சென்ற இளவேனில் வாலறிவன் அக்கூடத்தின் வழியே வளர்ந்தவர்.

கைத்துப்பாக்கியும் தமிழ் வாலிபரும் என்ற பேச்செழுந்தால், நம் பக்கத்தார் உள்ளம் மணியாச்சிக்குச் செல்லாமல் இராது. இலண்டனிற் பாரிஸ்டர் படிப்புக்குச் சென்று 1910-ஆம் ஆண்டிற் புதுச்சேரியை அடைந்த வ. வே. சு. ஐயர், அங்கே வாலிபர்க்குத் துப்பாக்கிப் பயிற்சி அளித்தார். அப்பயிற்சி பெற்றவருள் ஒருவர் செங்கோட்டை வாஞ்சிநாதன். 1911-ஆம் ஆண்டு ஜூன் 17-ஆம் நாள் மணியாச்சிச் சந்திப்பில், புகைவண்டியில் மனைவியுடன் அமர்ந்திருந்த திருநெல்வேலிக் கலெக்டர் ஆஷைச் சுட்டுக் கொன்று, அவர் தம்மையும் சுட்டுக்கொண்டார். அச்செயலைப் பற்றிய வழக்கை நாம் இங்கே எடுக்கவில்லை. அது சரித்திர வகுப்பிற்குரியது. நாம் குறிக்கக் கருதியது ஒன்றே: அவர் அதனை நூல் கண்டு கற்கவில்லை, ஆசானிடம், மறைவாக, நேரிற் கற்றார். நூல்கள் பெருகினாற் கொடுமை பெருகும் என்று அஞ்சுவோர், நூலில்லாக் காலத்தும் ஆயுதவித்தை வேண்டியவர்க்குக் கிடைத்தே வந்தது என்பதை மறக்கலாகாது. அதே ஐயர் 1916-ஆம் ஆண்டில் திருக்குறளை ஆங்கிலத்திற் பெயர்த்து வெளியிட்டார். கம்பனை உலகக் கவிகளோடு ஒப்பிட்டு ஆராய்ந்தார். உலகம் இன்று அவரிடமிருந்து கையிற் பெற்றுக்கொள்ளத்தக்கது, அவர் எழுதிவைத்ததே.

இனி நம் முதன்மையான வழக்கிற்கு வருவோம். துரோணர் கற்பிக்க மறுத்த வேடன் மகன் ஏகலைவன், மண்ணாற் செய்த ஆசானுருவத்தின் முன் நின்று வில் பயின்றான் என்பது பாரதக் கதை. குருபக்திக்கு எடுத்துக்காட்டாக அக்கதையைப் பாடசாலைகளிற் கூறுவர். நமக்கோ அது வேறொன்றையும் கூறுவதாகத் தோன்றுகின்றது. பிறப்பைக் கேட்டு வாயிலை அடைக்கும் ஆசான் எக்காலத்தும் இருந்தான். கற்பித்தவன் போலக் கட்டைவிரலைக் காணிக்கை கேட்கும் ஆசானும் இருந்தான். அச்சிட்ட நூலோ வாங்குபவனின் குலத்தைக் கேட்பதில்லை, விரலையும் கேட்பதில்லை, நூல்நிலையத்தில் இலவசமாகவும் கிடைக்கும். மண்ணுருவம் ஏகலைவனுக்கு ஊக்கம் மட்டுமே தந்தது. மெக்கிவர்ன் எழுதியதைப் போன்ற நூல் அவன் கையில் இருந்திருந்தால் அவனுக்கு முறையும் கிடைத்திருக்கும். ஆசானை அடையமாட்டாதவனுக்கு நூலே ஆசான் என்பதனால், கைவித்தையை எழுதிவைத்தல் வெறும் இலக்கியத் தொண்டன்று, நீதியும் ஆகும்.

நம் நாட்டு வித்தைக்காரர் இதற்கு நேர்மாறாக ஒழுகி வந்தனர் என்று சொல்லுதற்கு வருந்துகின்றோம். சிலம்ப ஆசான் சீடனுக்கு எல்லாப் பிடிகளையும் கொடுத்தாலும் ஒரு பிடியைத் தனக்கென்று ஒளித்து வைப்பான் என்பது ஊரறிந்த செய்தி. சீடனும் ஆசானாகித் தன் பங்குக்கு ஒன்றை ஒளித்தால், நான்கு தலைமுறையில் எஞ்சுவது என்ன? தென்கோடியில் வழங்கும் வர்ம நூல்கள் ஏட்டில் எழுதப்பட்டனவாயினும், குழூஉக்குறிகளாலும் மறைபொருளாலும் ஆன செய்யுட்கள் அவை. ஆசான் வாய்திறந்தாலன்றி ஏடு வாய்திறவாது. எழுதியும் எழுதாததற்கு ஒப்பு. தகாதவன் கையிற் சேர்ந்து உயிருக்குக் கேடு விளையுமே என்னும் அச்சம் அதற்கு ஒரு காரணம் என்பதை நாம் ஒப்புகின்றோம். வர்மத்திற்கு அது பொருந்தும். பருத்திச் சேலை நெய்தற்கும், பாற்கோவா கிண்டுதற்கும், நாய்க்குட்டி வளர்த்தற்கும் அது பொருந்துமோ?

ஸ்ரீவில்லிபுத்தூரும் இராஜபாளையமும் அடுத்தடுத்த ஊர்கள். மேற்குமலையின் நிழலில் இருப்பன. 1910-ஆம் ஆண்டு இராமநாதபுரம் ஜில்லா அமைந்தபொழுது ஸ்ரீவில்லிபுத்தூர்த் தாலுகா திருநெல்வேலியினின்று பிரிந்து அதனோடு சேர்ந்தது. 1985-ஆம் ஆண்டு முதல் இவ்விரு ஊர்களும் இன்று விருதுநகர் என வழங்கும் மாவட்டத்தைச் சேர்ந்தவை. வில்லி, கண்டன் என்னும் வேடர் சகோதரருள் கண்டனைப் புலி கொல்ல, அவனைத் தேடிச் சென்ற வில்லி காடு திருத்திக் கண்ட புத்தூரே ஸ்ரீவில்லிபுத்தூர் என்பது தலவரலாறு. பாரதத்தைத் தமிழிற் பாடிய வில்லிபுத்தூரார் இவ்வூரின் பெயரைத் தாங்கியவர். பிறந்த ஊர் மட்டும் வேறு. வில்லுக்கும் வேட்டைக்கும் உரிய பெயரோடு தோன்றிய இவ்வூரை அடுத்த காட்டில், 1972-ஆம் ஆண்டு வனவிலங்குச் சட்டத்தால் வேட்டை ஒழிந்தது; சாம்பல் நிற அணிலுக்கென்று சரணாலயம் ஏற்பட்டது; 2021-ஆம் ஆண்டில் ஸ்ரீவில்லிபுத்தூர் மேகமலைப் புலிகள் காப்பகமும் அமைந்தது. கண்டனைக் கொன்ற புலிக்கு வில்லியின் ஊரார் காவலராயினர். மிக நன்று. ஆயின், வேட்டையோடு வளர்ந்த அறிவும் வேட்டையோடு மறைய வேண்டுமென்பதில்லை.

அவ்வறிவின் உயிருள்ள எச்சம் இராஜபாளையம் நாய். காட்டுப்பன்றியைத் துரத்தி மடக்குதற்கென்று வளர்க்கப்பட்ட இந்நாயின் வெண்மையும், இளஞ்சிவப்பு மூக்கும், பொன்னிறக் கண்ணும், நீண்ட காலும் அறியாதார் இரார். 2005-ஆம் ஆண்டில் இந்திய அஞ்சல் இலாகா வெளியிட்ட நாய்த் தலைகளுள் இதுவும் ஒன்று. (அஞ்சல் தலையில் ஏறியதாற் குட்டிக்கு விலை ஏறிற்றேயன்றி அறிவு ஏறவில்லை என்பார் நண்பர் ஒருவர்.) தூய வெண்மையையே சிறப்பென்று கொண்டு, புள்ளியும் பழுப்பும் உள்ள குட்டிகளை வளர்ப்போர் பிறந்த உடனே கழித்து வந்தனர். பயன் யாது? நிறத்தைத் தரும் உயிரணுக்களே உட்செவியின் தொழிலுக்கும் வேண்டப்படுவனவாதலின், வெண்மை முற்றிய நாய்களிடையே செவிட்டுத்தன்மை தலைகாட்டிற்று. இதனைப் பெரியவர் சிலர் தம் அனுபவத்தால் உணர்ந்துதான் இருந்திருப்பர். எந்தத் தாய்க்கும் எந்தத் தந்தைக்கும் பிறந்த குட்டி எவ்வாறு இருந்தது என்று எழுதிவைத்திருந்தால், அவ்வுணர்ச்சி அறிவாக முதிர்ந்திருக்கும். நாய் வளர்ப்பில் செய்கையின் பயன் மறுநாட் காலையிற் காகிதத்துளைபோலத் தெரிவதன்று. ஒரு தலைமுறை கழித்துத் தெரிவது. ஒரு மனிதனின் நினைவு அதற்குப் போதாது. ஏடு எங்கே மிகவும் வேண்டப்படுகின்றதோ அங்கேயே அஃது இல்லாமற்போயிற்று. அண்டையிலுள்ள சிப்பிப்பாறை நாயின் கதையும் பெரிதும் வேறுபட்டதன்று.

பாற்கோவாவின் நிலை சிறிது மேல். ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பாற்கோவாவுக்கு 2019-ஆம் ஆண்டிற் புவிசார் குறியீடு கிடைத்தது. அக்குறியீடு வேண்டுவோர், பொருள் எவ்வாறு ஆக்கப்படுகின்றது என்பதை விண்ணப்பத்தில் விளங்க எழுதியாக வேண்டும் என்பது சட்டம். ஆகவே அடுப்பங்கரையின் அறிவிற் சிறிதேனும் காகிதத்தில் ஏறிற்று. அதனால் எந்தக் கடையின் வியாபாரமும் படுத்துவிடவில்லை. எனினும், சட்டத்திற்காக எழுதிய எழுத்து வேறு, கற்பவனுக்காக எழுதிய எழுத்து வேறு. பால் எப்பொழுது திரள்கின்றது, அப்பொழுது துடுப்பின் ஓசை எவ்வாறு மாறுகின்றது, விறகை எக்கணத்தில் வெளியே இழுக்க வேண்டும் என்று கிண்டுபவர் கை அறிந்திருக்கும் செய்தி இன்னும் அக்கையிலேயே உள்ளது. இராஜபாளையத்தை அடுத்த சத்திரப்பட்டியில், காயங் கட்டும் துணி நெய்யும் தறிகளைப் பற்றியும் இவ்வாறே கூறலாம்.

வித்தையை வெளியிட்டால் வித்தைக்காரன் பிழைப்பது எங்ஙனம் என்று கேட்பர். நியாயமான கேள்வியே, வறியவனிடம் போய் உன் ஒரே முதலை ஊருக்குப் பங்கிடு என்று கூற நமக்கும் நா எழாது. ஆயினும், நிகழ்ந்ததைப் பார்ப்போம். மெக்கிவர்ன் 1938-ஆம் ஆண்டிலேயே தம் வித்தை முழுவதையும் படங்களோடு விற்பனைக்கு விட்டுவிட்டார். நூலை வாங்கியவர் எல்லாரும் மெக்கிவர்ன் ஆகிவிட்டனரா? நூல் வழியைத்தான் தந்தது. பல்லாயிரம் முறை விசையிழுக்கும் பொறுமையைத் தரவில்லை. அவ்வழியில் வந்தவர்களோ அவர் நின்ற இடத்தில் நிற்கவுமில்லை. 1999-ஆம் ஆண்டில் ஜெர்ரி மிக்குலெக் என்னும் அமெரிக்கர் எட்டு அறை கொண்ட ரிவால்வரின் எட்டுக் குண்டுகளையும் ஒரே நொடியிற் செலுத்தினார். மெக்கிவர்ன் பெயர் அதனால் மங்கவில்லை. புதிய சாதனை ஒவ்வொன்றின்போதும் அவர் பெயர் மீண்டும் எடுக்கப்படுகின்றது. ஒளித்து வைத்திருப்பின் லூயிஸ்டவுன் ஊரார்க்கும் இன்று அவர் நினைவு இராது. பிடியை ஒளித்து மறைந்த நம் ஆசான்மார் எத்தனை பேரின் பெயரை நாம் சொல்லமுடியும்?

எழுதத் தெரிந்தவர் வித்தை அறியார். வித்தை அறிந்தவர் எழுதத் தெரியார் என்பது மற்றொரு தடை. இதற்குக் கல்லூரியே மருந்து. விடுமுறையில் ஊர் செல்லும் நம் மாணவருள் நெசவாளர் மக்கள் உளர். பால் கறக்கும் குடும்பத்தினர் உளர். சிலம்பம் அறிந்த மாமன்மாரை உடையவரும் உளர். இப்பத்திரிகையின் தமிழ்ப் பகுதி, வசந்த காலத்தைப் பற்றியும் நேரத்தின் அருமையைப் பற்றியும் ஆண்டுதோறும் வரும் கட்டுரைகளிற் சிலவற்றை நிறுத்திவைத்து, எட்டுப் பக்கத்தை ஒரு கைவித்தைக்கு ஒதுக்கலாம். வித்தைக்காரர் பெயரே தலைப்பின் கீழ் முதலில் நிற்கட்டும். எழுதிய மாணவன் பெயர் அடியில் நிற்கட்டும். புகழ்மொழி ஒன்றும் வேண்டா, அளவே வேண்டும். எத்தனை விரற்கடை, எத்தனை படி, எத்தனை நிமிடம், முதலில் எது, பிழைத்தால் எதனால் அறிவது என்று எழுதுக. வித்தைக்காரர் சொல்ல விரும்பாததை வற்புறுத்திக் கேட்க வேண்டா. அவர் வழங்கும் தொழிற்சொற்களை மட்டும் அகராதி நோக்கித் திருத்தாமல், அவர் வாயில் வந்தவாறே பதிக்க. அச்சொற்களும் மறைந்து வருவனவே.

வரும் ஆண்டிற்கு நாயிலிருந்து தொடங்கலாம் என்பது நம் எண்ணம். இராஜபாளையத்து மாணவர் இருவர், நாய் வளர்க்கும் வீடுகள் சிலவற்றிற்கு மாதமொருமுறை செல்லட்டும். ஒரு குறிப்பேடும், ஒரு தராசும் இருந்தாற் போதும். குட்டி பிறந்த நாள், தாய் இன்னது, தந்தை இன்னது, ஓரீற்றிற் பிறந்தவை எத்தனை, வெள்ளை எத்தனை, புள்ளி எத்தனை, கழித்துவிட்டவை எத்தனை, ஒவ்வொன்றின் எடை, மூன்றாம் வாரத்திற்குப் பின் முதுகுப்புறம் நின்று கைதட்டினால் திரும்பிப் பார்க்கின்றதா, இல்லையா.